மேலத்தெருவில் இறங்கியவன்

1

என் தம்பி வேலு ஒரு பொய் கேட்டு எழுதியிருக்கிறான்.

நான் மலாயாவுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகப்போகிறது. இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அக்கரையில் ஒருவன் இருந்தால் கோடாலித் தைலமாவது கேட்பார்கள், கைலியாவது கேட்பார்கள். வேலு அதுகூடக் கேட்டதில்லை. கேட்காதவன் கேட்டதும் கேட்டான், கொடுக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் ஒன்றைக் கேட்டுவிட்டான்.

அவன் மகன் கணேசன் திருப்புல்லாணி யூனியன் ஆபீஸில் பியூனாகச் சேர்ந்திருக்கிறான். எங்கள் கீழத்தெருவிலிருந்து சர்க்கார் வேலைக்குப் போகிற முதல் ஆள் அவன்தான். சைக்கிளில் போகிறான். திருப்புல்லாணி ரோடு எங்கள் ஊர் மேலத்தெருவுக்கு உள்ளேதான் போகும். மேலத்தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். இந்த 1968-லுமா என்று இங்கே ஈப்போவில் ஒருவர் என்னிடம் கேட்டார். ஆமாம், இந்த 1968-லும்தான்.

வேலு சொல்லச் சொல்ல யாரோ எழுதிய கடிதம். அப்படியே தருகிறேன்.

"அண்ணே, நேத்து கணேசன மேலத்தெருவுல மறிச்சுட்டாக. எறங்கிப் போலேன்னாக. எதுக்கு எறங்கணும்னு இவன் கேட்டிருக்கான். அதுக்கு அவுக, ஒங்க பெரியய்யா அஞ்சு நாள் ரேசுல மொதல்ல வந்துக்கிட்டிருந்தவன், போலீசு நிக்கயிலயே அவன் எறங்கித்தாண்டா போனான், நீ என்ன அவனவிடப் பெரிய ரேசுக்காரனான்னு கேட்டிருக்காக. புள்ள வாயத் தொறக்க முடியாம வந்து நிக்கிறான். வாற மாசம் பஞ்சாயத்து வச்சிருக்கு. நீ ஒரு காயிதம் எழுது. அன்னிக்கு மரியாதைக்கு எறங்கல, செயின் கழண்டுருச்சு, அதான் எறங்குனேன்னு எழுது. பஞ்சாயத்துல வாசிச்சிருவோம். அது ஒண்ணு போதும், புள்ள தலைநிமிந்து போயிருவான்."

செயின் கழலவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று காலையில் அந்தச் செயினை நானே மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு, இழுத்துப் பார்த்து மாட்டினேன். என் உடம்பில் எது கழன்றிருந்தாலும் அது கழன்றிருக்காது. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை, தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

2

எங்கள் ஊர் வழக்கத்தை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. நடை பழகும்போதே அதுவும் பழகிவிடும். மேலத்தெரு தொடங்கும் இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல். அங்கே வந்ததும் காலில் செருப்பிருந்தால் கைக்கு வரும், தோளில் துண்டிருந்தால் இடுப்புக்கு வரும், சைக்கிள் இருந்தால் ஆள் தரைக்கு வருவான். தெரு முடிகிற இடத்தில் ஊருணி. ஊருணிக் கரை வந்துவிட்டால் எல்லாம் பழையபடி. நடுவில் இருநூறு கெஜம் இருக்கும்.

சைக்கிள் என்று பொதுவாகச் சொல்கிறேனே தவிர, அந்தக் காலத்தில் கீழத்தெருவில் சைக்கிள் ஓட்டியவன் நான் ஒருவன்தான். அதுவும் சொந்தச் சைக்கிள் இல்லை. எங்கள் அய்யா மேலத்தெருப் பெரிய வீட்டில் பண்ணையாள். வேலுவும் அவரோடு வயலுக்குப் போனான். நான் மட்டும் ராமநாதபுரத்தில் சுல்தான் பாயின் வாடகைச் சைக்கிள் கடையில் பங்சர் ஒட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் பாய் ஒரு சைக்கிளைக் கொடுத்து, "போயிட்டு நாளைக்கு வாலே" என்பார். நான் ஊருக்கு மிதிப்பேன். ஊருணியில் இறங்குவேன், சுமைதாங்கிக் கல்லில் ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது கல்லில் இறங்கி ஊருணியில் ஏறுவேன். நாலு வருஷம், ஒரு வாரம் தவறாமல். பின்னால் இங்கே வந்த பிறகு ஒருநாள் யோசித்தேன்: நான் எடுத்த பந்தயப் பயிற்சியில் அதுவும் சேர்த்திதானே.

நான் வேகமாக மிதிக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் பரமக்குடிக்கு ஒரு சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து நின்றேன். பாய் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கலே பாதி வழியிலே குடுத்துட்டு வந்துட்டியா?" என்றார். சாமானை வாங்கியவர் கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் என்னைப் பங்சர் ஒட்ட விடவில்லை. எனக்குக் கல்யாணம் பேச வந்தவர்களைக்கூட, பந்தயம் ஒன்று வரட்டும் என்று திருப்பி அனுப்பினார். நான் சைக்கிளைக் கட்டிக்கொண்டு அழுததால் எனக்கு இளையவன் வேலுவுக்கு முதலில் கல்யாணமாகி, கணேசனும் பிறந்துவிட்டான்.

3

சுதந்திரம் வந்த இரண்டாவது தை மாதம் அந்தப் பந்தயம் வந்தது. ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர். ஐந்து நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைவோ அவன் ஜெயித்தவன். முதலில் இருப்பவனுக்குக் கையில் மஞ்சள் துணி கட்டுவார்கள். ஜெயிக்கிறவனை மதராஸில் ஒரு சைக்கிள் கம்பெனி சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். சைக்கிள் மிதிக்கிறதே வேலை, அதற்கு மாசச் சம்பளம். இதைப் பாய் எனக்குச் சொன்னபோது கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

முப்பது பேருக்கு மேல் மதுரையில் கிளம்பினோம். மில்காரர்கள், ரயில்வேக்காரர்கள், பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். காரைக்குடி செல்லப்பன் என்று ஒரு பணக்காரப் பையன், சீமைச் சைக்கிளும் அதைத் துடைக்க ஓர் ஆளுமாக வந்திருந்தான். மதுரை மில்லில் வேலை பார்த்த மாசிலாமணிதான் எனக்குப் பயமாக இருந்த ஆள். குள்ளம். முகத்தில் ஒன்றும் தெரியாது. எவனாவது ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்று படாமல் வருவான், கடைசி மைலில் வெளியே வந்து எல்லாரையும் தாண்டுவான். முதல் நாள் காரைக்குடியில் அப்படித்தான் ஜெயித்தான். நான் பதினான்காவது.

இரண்டாம் நாள் தொண்டி போய், கடற்கரையோரமாகவே ராமநாதபுரம். அது என் நாள். தேவிபட்டினத்துக்கு முன்னால் மணல் வந்து ரோட்டை மூடிக் கிடந்தது. மதுரைக்காரர்கள் மணலில் மிதித்து மிதித்து விழுந்தார்கள். மணலில் மிதிக்கக் கூடாது, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடவேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஓடினேன். கரையில் வலை காயப்போட்டிருந்த பெண்கள், "யாரு பெத்த புள்ளையோ, சைக்கிளையும் தூக்கிக்கிட்டு ஓடுது!" என்று சிரித்தார்கள். ராமநாதபுரத்துக்குத் தனியாக வந்து சேர்ந்தேன். பாய் மஞ்சள் துணியை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

மூன்றாம் நாள் மண்டபத்தில் ரோடு முடிந்துவிட்டது, அதற்கப்பால் கடல். எங்களையும் சைக்கிள்களையும் ரயிலில் ஏற்றி ராமேசுவரம் கூட்டிப்போனார்கள். சைக்கிள் பந்தயத்தில் ரயிலில் போனவர்கள் நாங்களாகத்தான் இருக்கும். செல்லப்பன் அத்தனை தீர்த்தத்திலும் குளித்துவிட்டுக் காய்ச்சலில் படுத்தான், சீமைச் சைக்கிள் ரயிலிலேயே ஊர் திரும்பியது. நான்காம் நாள் மண்டபத்திலிருந்து பரமக்குடி. வழியில் கருவேல முள் குத்தி எனக்கு இரண்டு பங்சர். பங்சர் ஒட்டியே வளர்ந்தவனுக்கு அது பெரிய விஷயமில்லை. அன்று சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது மாசிலாமணியைவிட மூன்று நிமிடம் முன்னால் இருந்தேன்.

மிச்சம் ஒரே ஒரு நாள். பரமக்குடியில் கிளம்பி, முதுகுளத்தூர், கடலாடி, எங்கள் ஊர், திருப்புல்லாணி, ராமநாதபுரம் அரண்மனை வாசல்.

வழியில் எங்கள் ஊர் இருப்பதை நான் நினைக்கவேயில்லை. பாய் நினைத்திருந்தார். பந்தயக் கமிட்டிச் செயலாளரான வக்கீலிடம் போய், "இந்தப் பய மேலத்தெருவுல சைக்கிள்ல ஏறிப் போகணும், அங்கன ஏதும் கலாட்டா வந்துறக் கூடாதுங்க" என்று சொல்லியிருக்கிறார். வக்கீல் சிரித்து, போலீஸ் நிற்கும், பெரிய வீட்டுக்காரரே வரவேற்புக் கமிட்டியில் இருக்கிறார் என்றாராம். பாய் அதோடு விடவில்லை. பெரிய வீட்டுக்காரரிடமே போய்க் கேட்டிருக்கிறார். அவரும் நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பினார். "ரேசுன்னு வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதான் பாய். நம்ம ஊருப் பய மொதல்ல வந்தா நமக்கும் பெருமைதான். மாலையோட நிப்பேன்."

ஆகவே யாரையும் குறை சொல்ல வழியில்லை.

4

இந்த இடத்தில் இங்கத்திய கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஈப்போவில் ஒரு சீனர் சைக்கிள் கடையில் வேலை பார்க்கிறேன். முதலாளியை இங்கே தவுக்கே என்பார்கள். இங்கே குடியுரிமை உள்ளவனுக்கு நீல அடையாள அட்டை, இல்லாதவனுக்குச் சிவப்பு. என் மனைவி பாக்கியம் இங்கே தோட்டத்தில் பிறந்தவள், நீலம். பிள்ளைகள் இரண்டும் நீலம். வீட்டில் நான் ஒருவன்தான் சிவப்பு. நீலம் வேண்டுமென்றால் மலாய் பேசத் தெரியவேண்டும், அதை ஓர் அதிகாரி சோதித்துப் பார்ப்பார். எனக்கு மலாய் நன்றாகவே வரும். நாளெல்லாம் மலாய்க்காரர்கள் சைக்கிளைத்தானே பிரித்து மாட்டுகிறேன்.

உள்ளே போனேன். அதிகாரி தலை நிமிராமல் "டுடோக்" என்றார். உட்கார் என்று அர்த்தம். அர்த்தம் தெரியும். நாற்காலியும் தெரிந்தது. நான் நின்றேன். கொஞ்சம் சத்தமாக மறுபடியும் "டுடோக்" என்றார். நான் கைகட்டிக்கொண்டு இன்னும் நன்றாக நின்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு சர்க்கார் மனுஷன் இருக்கும்போது இந்தப் பக்கம் உட்காரும் வித்தை என் முழங்காலுக்குத் தெரியவில்லை. அவர் என் பேப்பரில் எதையோ எழுதி வெளியே அனுப்பினார். மலாய் புரியவில்லை என்று எழுதியிருந்ததாகப் பிறகு குமாஸ்தா சொன்னார்.

பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒக்காரச் சொன்னா ஒக்கார வேண்டியதுதானே? அந்த நாற்காலி கடிக்குமா?" அவள் கேட்பது நியாயம். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சிவப்பு அட்டையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒரு கடலைத் தாண்டி வந்தும் அந்தத் தெரு என் காலுக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்துபோனதுதான் வேதனை.

5

ஐந்தாம் நாள். கடலாடி தாண்டும்போது முன்னால் மூன்று பேர் இருந்தோம். நான், மாசிலாமணி, ரயில்வே ஜோசப். மற்றவர்கள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் பின்னால். வாடைக்காற்று எதிரே அடித்தது. மாற்றி மாற்றி ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வது, மற்ற இருவர் பின்னால் ஒதுங்கிக்கொள்வது. எதிர்காற்றில் தனியாக மாட்டினால் செத்தோம் என்பது மூன்று பேருக்கும் தெரியும். நான் செய்ய வேண்டியதெல்லாம் மாசிலாமணியை விட்டுப் பிரியாமல் அரண்மனை வாசல் வரை போவது. அவன் பின்னாலேயே முக்கி முனகிப் போய்ச் சேர்ந்தால்கூட எனக்குத்தான் ஜெயம்.

எங்கள் ஊர் வயல் வந்தது. கதிர் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கீழத்தெரு சனம் மொத்தமும் ரோட்டோரம் வந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தியது. "காத்தமுத்து! விட்றாத! மிதிலே!" வேலு என்கூடவே ஓடி வந்தான். சந்தோஷம் என்றால் அதுதான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சுமைதாங்கிக் கல் வந்தது. வேலு அங்கே நின்றுவிட்டான். அடுத்த நொடி என் வலது கால் சக்கரத்துக்கு மேலே சுற்றித் தரைக்கு வந்துவிட்டது.

யாரும் சொல்லவில்லை. யாரும் மறிக்கவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் கூட்டத்தை ஒதுக்கி எனக்குத்தான் வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மாசிலாமணி திரும்பிப் பார்த்து, "என்னப்பா, பங்சரா?" என்று கத்தினான். ஜோசப்பும் திரும்பிப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் குனிந்து மிதித்தார்கள். பந்தயத்தில் அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

நாலைந்து அடி நடந்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்பது புத்திக்கு எட்டியது. இங்கேதான் நான் உண்மையைச் சொல்லியாகவேண்டும். இறங்கியது பழக்கம். அதற்கு என் புத்தி பொறுப்பில்லை, கால்தான் பொறுப்பு. ஆனால் புத்தி வந்த பிறகு ஏறாதது யார்? ஏறியிருக்கலாம். ஐந்தாவது அடியில் ஏறியிருந்தால் பத்து விநாடிகூடப் போயிருக்காது. ஏறவில்லை. அதற்குள் இரண்டு பக்கமும் நின்றிருந்த மேலத்தெரு ஆட்கள் பார்த்துவிட்டார்கள். ஒருவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இறங்காமல் போயிருந்தால் அது பந்தயம். இறங்கிவிட்டு, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி ஏறினால் அது வேறு. அது அவர்களைப் பார்த்துச் சொல்வது. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பயந்தேன். இருநூறு கெஜமும் பயந்துகொண்டே, வேகமாகக்கூட நடக்காமல் நடந்தேன்.

பெரிய வீட்டு வாசலில் அவர் மாலையோடு நின்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தீகளா? எவ்வளவு பெரிய ரேசா இருந்தாலும் நம்ம ஊருப் பயலுக்கு மரியாதை தெரியுது" என்றார் பக்கத்திலிருந்தவரிடம். மாலையை என் கழுத்தில் போடவில்லை. சைக்கிள் கைப்பிடியில் மாட்டிவிட்டார்.

ஊருணிக் கரையில் ஏறினேன். எதிரே ரோடு காலியாகக் கிடந்தது. இருபது மைல், வாடைக்காற்று, தனி ஆள். கைப்பிடியில் மாலை ஆடி ஆடி முழங்காலில் இடித்தது. அதைக் கழற்றி எறியவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே திருப்புல்லாணிக்குப் பக்கத்தில்தான்.

ஐந்து நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்தார்கள். பதினோரு விநாடியில் தோற்றிருந்தேன்.

6

மாசிலாமணி நல்லவன். கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எறங்கலன்னா இந்த வேல எனக்கில்லப்பா" என்றான். மதராஸுக்குப் போனான். பம்பாய்ப் பந்தயங்களில் எல்லாம் ஓட்டினான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

பாய் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அரண்மனைச் சுவரோரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அல்லாஹ் நாடல" என்றார். பிறகு சொன்னார்: "போலீசக் கேட்டேன், கமிட்டியக் கேட்டேன், அந்தப் பெரிய மனுசனையே கேட்டேன். ஒன்னயக் கேக்கணும்னு எனக்குத் தோணாமப் போச்சே காத்தமுத்து."

அய்யாவைப் பார்க்க ஊருக்குப் போனேன். அவர் என் தலையைத் தடவினார். "நல்லவேள எறங்குன. நீ பட்டணத்துக்குப் போயிருவ. நாங்க இங்கனதானடா இருக்கணும்?" என்றார். அவருக்கு உண்மையிலேயே நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்த பிறகு என்னால் அந்த ஊரில் இருக்க முடியவில்லை. வேலு என்னோடு பேசவில்லை. அந்த வருஷமே நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். அய்யா செத்ததற்கும் போகவில்லை.

ஊரை நினைத்து உருகி எழுதுகிற அக்கரைக்காரர்களின் குறிப்புகளைப் படிக்கிறேன். அவர்களுக்கு மாந்தோப்பு ஞாபகம் வருகிறது, திருவிழா ஞாபகம் வருகிறது. கொடுத்துவைத்தவர்கள். எனக்கு ஒரு கல்லும் ஓர் ஊருணியும்தான் வருகின்றன.

7

வேலுவின் கடிதம் வந்த அதே வாரம் ஈப்போ வழியாக ஒரு பந்தயம் போனது. இங்கேயும் பல நாள் ஓட்டம்தான். பல தேசத்துக்காரர்கள். பின்னாலேயே வண்டியில் உபரிச் சக்கரம், தண்ணீர், வைத்தியர். தவுக்கே கடையைப் பாதி சாத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்க்க விட்டார். என் மகன் ராஜனும் பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பக்கத்தில் நின்றான். பதினாறு வயசு. அக்காவும் அவனும் வீட்டில் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்கிறார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். மரியாதையால் இல்லை, எனக்குப் புரியாது என்பதால்.

கூட்டமாக அவர்கள் கடந்து போனபோது சக்கரங்களின் அந்தப் பழைய சத்தம் கேட்டது. என்னையறியாமல், "நானும் ஒருகாலத்துல இப்படி ஓட்டினவன்தான்டா" என்றேன். பதினாறு வருஷத்தில் முதல்முறை. அவன் கண் விரிந்தது. "உண்மையாவா பா? ஜெயிச்சீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மணலில் ஓடியதைச் சொன்னபோது சிரித்தான். மஞ்சள் துணியைச் சொன்னபோது நம்பவில்லை. இறங்கியதைச் சொன்னபோது முகத்தைச் சுருக்கினான்.

"யாராச்சும் புடிச்சாங்களா பா?"

"இல்ல."

"அடிப்பாங்கன்னு சொன்னாங்களா?"

"அன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்லல."

"அப்புறம் ஏன் பா எறங்குனீங்க? ரோடுதானே. நானா இருந்தா போயிருப்பேன்லா."

போயிருப்பான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனுக்கு அந்தத் தெரு தெரியாது, தெரியவேண்டாம் என்றுதான் நான் கடல் தாண்டினேன். என் ஆசை நிறைவேறிவிட்டது. ஆனால் நிறைவேறிய ஆசையைப் பக்கத்தில் நிறுத்திப் பேசினால் அதற்கு என்னைப் புரியவில்லை. அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபமோ பரிதாபமோ இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ புத்தி சரியில்லாதவரிடம் பேசுகிறவன்போல மெதுவாகப் பேச ஆரம்பித்தான்.

8

மூன்று நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லக் கூடாது என்ற வைராக்கியம் எல்லாம் எனக்கில்லை. தோற்றதுகூட என்னுடைய தோல்வியாகத்தான் இருக்கட்டுமே என்று ஒரு வீம்பு. பாக்கியம்தான் போட்டு உடைத்தாள். "ஒங்க ரேசு முடிஞ்சுபோச்சு. அந்தப் புள்ள தெனம் வேலைக்குப் போகணும். எழுதிப் போடுங்க."

எழுதினேன். எழுத ஆரம்பித்ததும் தொழில்காரன் புத்தி வந்துவிட்டது. கடலாடி தாண்டியதும் செயின் தளர்ந்து சத்தம் கேட்டது, சுமைதாங்கிக் கல் பக்கத்தில் கழன்று பின்பல் சக்கரத்துக்கும் ஆரக்கம்பிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது, மிதித்தால் சக்கரமே உடைந்திருக்கும், ஆகையால் இறங்கினேன், மரியாதைக்காக இறங்கவில்லை. எந்த மெக்கானிக் படித்தாலும் ஒப்புக்கொள்வான். கையெழுத்துப் போட்டு, ரேகையும் வைத்து, வான்தபாலில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு வந்த அன்றைக்கு, பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறையாவது அந்தத் தெருவைச் சைக்கிளில் கடந்துவிட்டதுபோல எனக்கே ஒரு லேசு.

நேற்று பதில் வந்தது.

பஞ்சாயத்தில் கணேசனே என் கடிதத்தை வாசித்திருக்கிறான். பெரிய வீட்டில் இப்போது மகன்தான் பெரியவர். அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "செயின் சிக்கிக்கிருச்சு, சரி. தெரு பூராம் தள்ளிக்கிட்டு வந்தான், ஊருணியில ஏறிப் போயிட்டான். நடுவுல ஒரு எடத்துலயும் நிக்கலியே. செயின மாட்டுனது யாரு?"

பஞ்சாயத்து சிரித்திருக்கிறது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள் என்று வேலு எழுதியிருக்கிறான். "பொய்தான் எழுதுற, அதையாவது ஒழுங்கா எழுதக் கூடாதாண்ணே" என்று முடித்திருக்கிறான். கணேசன் இப்போது கல்லில் இறங்கி ஊருணியில் ஏறுகிறான்.

கடிதத்தின் அடியில் கணேசன் தன் கையால் இரண்டு வரி எழுதியிருக்கிறான். இதுவரை பார்த்திராத எழுத்து, அழகான எழுத்து.

"பெரியய்யா, நீங்கள் இறங்கியதை நான் குறையாக நினைக்கவில்லை. இவ்வளவு நீளமான தெருவில் எங்கேயாவது ஓரிடத்தில் ஏறியிருக்கலாமே?"

ஏறியிருக்கலாம் கணேசா. எந்த இடத்திலும் ஏறியிருக்கலாம்.